லூன்ஹவுட் சேறு

வணக்கம் நேயர்களே.

நான் விளையாட்டு வீரன் இல்லை. என் மகள் சைக்கிளோகுறொஸ் ஓடுவதற்காக முதல் தடவை பெல்ஜியத்துக்குப் போனபோது, அவளுடைய இரண்டாவது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் சேற்றில் நின்ற தகப்பன். அதற்குப் பிறகு இங்கே ரொறன்ரோவில் சில பெற்றோர் என்னைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளையை இப்பவே அனுப்பலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா?" பொறுக்க வேண்டாம் என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இன்று கொஞ்சம் விரிவாகக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்காக. பெல்ஜியத்தின் பிளெமிஷ் மக்கள் இதை ஃபெல்ட்ரைடன் என்பார்கள். வயலில் ஓட்டுவது என்று பொருள். குளிர்காலத்தில், இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரை நீளமான ஒரு சுற்றைப் புல்வெளி, சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாவற்றுக்கும் ஊடாகப் போட்டு வைப்பார்கள். வழியில் 40 சென்டிமீற்றர் உயரப் பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். படிக்கட்டும் இருக்கும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சைக்கிள் பார்வைக்கு வீதிப் போட்டிச் சைக்கிள் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ரயரில் கரடுமுரடான பூ இருக்கும். அதன் அகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தொடங்குவதற்கு முன் அதிகாரிகள் அளவுகோலைச் சில்லில் வைத்தே பார்ப்பார்கள்.

1902இல் பிரான்ஸில் டானியல் கூசோ என்ற இராணுவ வீரர் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. 1947இன் டூர் டி பிரான்ஸை வென்ற ஜான் ரொபிக்தான் அதையும் வென்றார். பெண்களுக்கு அந்த உலகப் பட்டத்தை வைக்க 2000ஆம் ஆண்டுவரை காத்திருந்தார்கள். ஐம்பது வருடம். ஒரு மகளின் தகப்பனாக அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும்.

போட்டி பிறந்தது பிரான்ஸில் என்றாலும் அது வாழ்வது பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியில்தான். 2012இல் கொக்ஸைட என்ற கடற்கரை ஊரின் மணல்மேட்டில் உலகப் போட்டி நடந்தபோது அறுபதாயிரம் பேருக்கு மேல் கட்டணம் கட்டி வந்து குளிரில் நின்று பார்த்தார்கள். ஆண்கள் ஓட்டத்தில் முதல் ஏழு இடங்களும் பெல்ஜியத்துக்கே போயின. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஏதாவது ஓர் ஊரில் ஓட்டம் இருக்கும். ஜனவரி முதலாம் தேதி, இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்வென் நெயிஸின் சொந்த ஊரில் அவர் பெயரிலேயே ஒரு போட்டி நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதன்முதலாகப் போவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். பத்து நாளில் நாலைந்து ஓட்டம் கிடைக்கும்.

எங்கள் பயணமும் அப்படித்தான். மகளுக்கு அப்போது இருபது வயது. ஒன்ராறியோவில் போட்டிக்காலம் நவம்பரோடு முடிந்துவிடும். பிறகு பனி. அவள் நிலவறையில் உருளை மேல் சைக்கிளை ஏற்றி மிதித்துக்கொண்டு டிசம்பரை எண்ணிக்கொண்டிருந்தாள். கனேடியப் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை. நேர வித்தியாசம் ஆறு மணித்தியாலம், அதற்காக நாலு நாள் முந்திப் போனோம். இவையெல்லாம் இலேசு. சில்லுகள்தான் தலையிடி.

ஏன் என்றால், நல்ல சேற்றுக்கு ஒரு ரயர், காய்ந்த புல்லுக்கு ஒன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்துக்கு ஒன்று என்று மூன்று வகை வேண்டும். சைக்கிளோ இரண்டு. அந்த ரயர்களை றிம்மில் பசை பூசி, காயவிட்டு, மறுபடி பூசி ஒட்ட நாட்கணக்கு எடுக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவன் நான். ஒட்டுப் போடுவதும் சில்லுக் கோட்டம் எடுப்பதும் கைக்கு வரும். அதனால் இந்த வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். ஆறு சோடி சில்லுகளை ஒட்டினேன். பிரசெல்ஸில் இறங்கியபோது சேற்றுச் சில்லுகள் இருந்த பைதான் வரவில்லை. மூன்று நாள் கழித்து, முதல் ஓட்டத்துக்கு முதல்நாள் இரவுதான் அது வீட்டு வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டேன். ஒரே வகைச் சில்லுகள் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒவ்வொரு வகையிலும் ஒரு சோடி.

முதல் ஓட்டம் லூன்ஹவுட் என்ற கிராமத்தில். அன்ட்வெர்ப்பனுக்கு வடக்கே, நெதர்லாந்து எல்லையோடு கிடக்கிற ஊர். காலையில் நானும் மகளும் சுற்றை நடந்து பார்த்தோம். எங்கள் ஊர்ச் சேறு காலை வழுக்கும். இந்தச் சேறு காலைப் பிடிக்கும். அவள் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரயரில் காற்றை இன்னும் குறைக்கச் சொன்னாள். காற்றழுத்த அளவில் ஒரு பாருக்குக் கொஞ்சம் மேலே மட்டும் விட்டேன். கார் ரயரில் நாங்கள் அடிக்கிற காற்றில் ஏறக்குறையப் பாதி. பெருவிரலால் அமத்தினால் றிம் தட்டுப்படும். அவ்வளவு மென்மையாக இருந்தால்தான் அந்த மண்ணை அது கவ்வும். இதை ஒன்ராறியோவில் எத்தனை வருடம் பழகினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த மண் இங்கே இல்லை.

தொடக்கக் கோட்டில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உலகத் தரவரிசைப் புள்ளி உள்ளவர்கள் முன்வரிசையில். புள்ளியே இல்லாத என் மகள் கடைசி வரிசையில். விளக்கு பச்சையானதும் எல்லோரும் அகலமான நேர்வீதியில் பாய்வார்கள். பிறகு பாதை சடாரென்று ஒடுங்கும். முதல் வளைவில் பின்னால் வந்த பதினைந்து பேரும் சைக்கிளிலிருந்து இறங்கி, வாசலில் நெரிபடுகிற சனம் மாதிரி நின்றார்கள். முன்னால் போனவர்கள் அதற்குள் மரங்களுக்கு அப்பால் மறைந்துவிட்டார்கள்.

என் இடம் பிற். சைக்கிள் மாற்றும் ஒதுக்கிடம் அது. வேறெங்கும் மாற்ற முடியாது. பிற்றைத் தாண்டிய பிறகு செயின் அறுந்தால் அடுத்த வாசல்வரை தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அதைக் கடப்பார்கள். அதாவது சேறு அப்பிய சைக்கிள் என் கைக்கு வந்தால், அதைக் கழுவி எண்ணெய் விட்டு மறுபடி கொடுக்க எனக்கு நாலு நிமிடம்தான். சுத்தமான சைக்கிள் எட்டு கிலோ என்றால், திரும்பி வந்ததை இரண்டு கையாலும் தூக்கவே கஷ்டப்பட்டேன்.

பெரிய அணிகள் சொந்தமாகப் பிரஷர் வோஷர் கொண்டு வந்திருந்தன. எங்களிடம் ஒரு வாளியும் பிரஷ்ஷும் இருந்தன. பொதுத் தண்ணீருக்கு வரிசை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பக்கத்தில் வேறொரு பிள்ளைக்காக நின்ற வயதான பிளெமிஷ்காரர் ஒருவர் என் கையிலிருந்த சைக்கிளை வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு அவர் மொழி தெரியாது. சைக்கிளைக் கவிழ்த்து, முதலில் பின்பக்கக் கியர் பற்களுக்குள் சுற்றிக் கிடந்த புல்லை விரலால் இழுத்து எடுத்தார். பிறகுதான் தண்ணீர். சைக்கிள் சட்டத்தை விட்டுவிட்டு, பிரேக், பெடல், செயின் மூன்றுக்கும் மட்டும் அடித்தார். நாற்பது வினாடியும் ஆகியிராது. நானோ அதுவரை சைக்கிள் முழுவதையும் கழுவிக்கொண்டிருந்தேன்! அடுத்த தடவை மகள் வந்தபோது அவர் சொல்லித்தந்த முறையிலேயே செய்தேன். இந்த மூன்று இடம் ஓடினால் சைக்கிள் ஓடும். அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்து இப்போதும் வருந்துகிறேன்.

இந்த ஓட்டத்தில் எண்பது வீத விதி என்று ஒன்று உண்டு. முன்னணி வீராங்கனை முதற் சுற்றை ஏழரை நிமிடத்தில் முடித்தார் என்று வையுங்கள். அதில் எண்பது வீதம் ஆறு நிமிடம். அவருக்கு ஆறு நிமிடம் பின்தங்கியவர்களை அந்தச் சுற்று முடிவில் வெளியே எடுத்துவிடுவார்கள். ஆறு சுற்று ஓட்டத்தில் என் மகளை நான்காம் சுற்றில் நிறுத்தினார்கள். ஒரு அதிகாரி கையை நீட்டி வழியைக் காட்ட, அவள் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தாள்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து நாலு சுற்று. அந்த நேரம் என் மனமும் உடைந்துதான் போனது. வாகனத்துக்குள் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தவள் சொன்னாள்: "அப்பா, மூண்டாம் சுத்திலை அந்தக் கிடங்கை இறங்காமலே ஓடினனான். முதல் ரெண்டு சுத்திலை ஏலேல்லை. முன்னுக்குப் போனவையின்ரை தடத்திலை சில்லை விட்டனான், அதுவா கொண்டு போட்டுது."

அதைக் கேட்டபிறகு எனக்கு வேறு கவலை இருக்கவில்லை. இங்கே எங்கள் மாகாணத்தில் அவள் முன்வரிசைக்காரி. தன்னைவிட வேகமானவர்களின் தடத்தில் சில்லை விட்டுப் பார்க்க இங்கே அவளுக்கு ஆளே இல்லை. தேறிய பிறகு போகலாம் என்று இருந்திருந்தால் அவள் எங்கே தேறியிருப்பாள்? அந்தப் பத்து நாளில் நாலு ஓட்டம் ஓடினாள். கடைசி ஓட்டத்தில் எண்பது வீதத்தில் அகப்படாமல் முழுச் சுற்றும் முடித்தாள்.

நாங்கள்தான் முதலில் போனவர்கள் என்றில்லை. அமெரிக்கர் ஜொனதன் பேஜ் பெல்ஜியத்திலேயே குடியிருந்து ஓடி, 2007 உலகப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்தார். அதே போட்டியில் பெண்கள் ஓட்டத்தில் இன்னொரு அமெரிக்கர் கேற்றி கொம்ப்ரனுக்கும் வெள்ளி. எங்கள் வீட்டுக்குக் கிட்டவே, ஒறிலியாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் இசபெல்லா ஹோல்ம்கிரென், ஆவா ஹோல்ம்கிரென். 2023இல் நெதர்லாந்தின் ஹூகர்ஹைடவில் ஜூனியர் பெண்கள் உலகப் போட்டியில் அக்கா, தங்கை போல முதலிடமும் இரண்டாமிடமுமாக எடுத்தார்கள். ஒன்ராறியோப் பிள்ளைகள்! அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

திரும்புவதற்கு முதல்நாள் ஒரு வேலை மிஞ்சியிருந்தது. மண் ஒட்டிய பொருளைக் கனடாவுக்குள் விடமாட்டார்கள். வயல் மண்ணோடு நோய்க்கிருமி வந்துவிடும் என்ற பயம். அதனால் இரவு பத்து மணிக்கு, வாடகை வீட்டின் பின்வளவில், சப்பாத்துகளையும் பெடல்களையும் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தோம். மகள் பழைய பல் பிரஷ்ஷால் சப்பாத்தின் ஆணித் துளைக்குள் காய்ந்திருந்த மண்ணைக் கிளறி எடுத்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

"அப்பா, அடுத்தமுறை பிரஷர் வோஷர் ஒண்டை முதலே வாடகைக்குச் சொல்லி வைப்பம்" என்றாள், நிமிராமலே.

நான் ரோச் லைற்றை அவள் கைப்பக்கம் இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன்.