படுக்கும் இடம் பட்டியலில் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்குத் திரண்டிருக்கும் கொழிஞ்சாம்பாறை மக்களே, வணக்கம்.

வீடில்லாதவர்களை ஒதுக்குவதைத் தடுக்கத் தேவை தனிச் சட்டமா, மனமாற்றமா? எதிரணித் தலைவர் மனம் போதும் என்றார். நானும் மனத்தை நம்பித்தான் ஒரு டீக்கடைக்குப் போனேன். பூட்டிய கடைத் திண்ணையில் படுக்கும் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போனேன். எனக்குக் கண்ணாடி கிளாஸ், அவருக்குப் பேப்பர் கப். காசு ஒன்றுதான். "ஏனுங்கண்ணா இப்படி?" என்றால், "மத்தவங்க மூஞ்சி சுளிப்பாங்க தம்பி" என்கிறார் கடைக்காரர். இத்தனைக்கும் அந்தப் பெரியவருக்குப் பல நாள் ஓசியில் டீ கொடுப்பவர் அவர்தான். மனம் இருக்கிறது நடுவர் அவர்களே, கிளாஸ்தான் இல்லை!

சாதிக்காக இதைச் செய்திருந்தால் குற்றம். அதற்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. கடை, ஓட்டல், கிணறு, சாலை என எங்கும் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு. எந்தக் காரணங்களுக்காக? மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். பிறந்த இடம் இருக்கிறது. படுக்கும் இடம் இல்லை.

நம் கேரள-தமிழ்நாடு எல்லையில் இன்னொரு கூத்தும் உண்டு. தெருவில் படுப்பவர் தமிழ் பேசினால் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிவிட்டால் நம் தலைவலி தீர்ந்தது!

இருக்கிற சட்டமே போதும், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு உண்டே என்றார் எதிரணிச் சகோதரி. 1985-இல் வந்தது. நடைபாதையில் வாழ்பவரின் பிழைப்பும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது, சரி. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புதான் சொன்னது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் வந்துவிட்டீர்களே அம்மா!

எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலோ மருத்துவமனையிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக்கூடாது என்று 2017-இல் நாம் சட்டம் போட்டோம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் வீடில்லாதவர்களுக்கென்றே 2012-இல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நிலையான முகவரி இல்லை என்று வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது, தெருவில் வைத்திருக்கும் உடைமைக்கும் வீட்டுக்குள் இருப்பதைப் போல அந்தரங்கப் பாதுகாப்பு உண்டு என்கிறது.

வாக்காளர் பட்டியலையே பாருங்கள். வீடில்லாதவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று அலுவலர் ராத்திரியில் வந்து பார்க்க வேண்டும். விதியில் எழுதியதால் வருகிறார். மனம் இளகி நடுராத்திரியில் யார் வருவார்?

அந்தப் பெரியவரின் சாக்குப்பை, தெருவைச் சுத்தம் செய்த அன்று குப்பை வண்டியோடு போய்விட்டது. ஒரு போர்வை, பிரஷர் மாத்திரை, ஆதார் அட்டை, அவ்வளவுதான் உள்ளே. "புகார் எழுதட்டுமா ஐயா?" என்றேன்.

"எழுதுங்க தம்பி. அட்ரஸ் என்ன போடுவீங்க?" என்றார்.

மணி அடித்துவிட்டார்கள். அமர்கிறேன்.