அவனை அடையாளம் கண்டது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். 'போரில் மடிந்த இளம் வீரனின் வாழ்வைக் காத்து வைப்பது நாடு எழுப்பும் நினைவுச்சின்னமா, அவனை அறிந்தவர்களின் நெஞ்சமா?' என்பது இன்றைய தலைப்பு. நான் நெஞ்சத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அமெரிக்காவின் ஆர்லிங்டனில் உள்ள மரைன் படை நினைவுச்சின்னத்தைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டும் காட்சி, வெண்கலத்தில் பிரம்மாண்டமாக நிற்கிறது. 'அதைப் பார்க்கிறவன் அந்தப் பிள்ளைகளை மறப்பானா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சிலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

சிலைக்கு மூலம் ஜோ ரோசன்தால் 1945 பிப்ரவரி 23 அன்று அந்தத் தீவின் சுரிபாச்சி மலையில் எடுத்த புகைப்படம். அதில் கம்பத்தின் அடியில் குனிந்து, அதை மண்ணில் ஊன்றுகிறான் ஒருவன். முகமே தெரியாது, முதுகுதான் தெரியும். அவன் பெயர் ஹார்லன் பிளாக். டெக்சாஸ் மாநிலத்தின் வெஸ்லாகோ ஊர்க்காரன். பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன். தாய் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஆயுதம் ஏந்துவதை அந்தச் சபை விரும்புவதில்லை. மகனோ 1943-இல் தன் அணித் தோழர்களோடு சேர்ந்து மரைன் படைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். பாராசூட் பயிற்சி, பூகன்வில் தீவில் போர், அப்புறம் இவோ ஜிமா.

கொடி நாட்டி ஆறே நாள். மார்ச் 1 அன்று அவனுடைய அணித் தலைவர் சார்ஜன்ட் மைக்கேல் ஸ்டிராங்க் கொல்லப்பட்டார். அவரும் அதே படத்தில் இருப்பவர்தான். பொறுப்பு கார்ப்பரல் ஹார்லன் கைக்கு வந்தது. சில மணி நேரத்தில் அவனும் விழுந்தான். வயது 20.

இனிதான் விஷயமே இருக்கிறது. அந்தப் படம் பிப்ரவரி 25 அன்றே செய்தித்தாள்களில் வந்துவிட்டது; அப்போது மகன் உயிரோடுதான் இருந்தான். படத்தைப் பார்த்த தாய் சட்டென்று சொல்லிவிட்டார், இது என் ஹார்லன் என்று. முகம் இல்லாத படத்தில் எப்படித் தெரியும் என்று வீட்டிலேயே நம்பவில்லை. குளிப்பாட்டி, துணி மாற்றி வளர்த்தவருக்கு அவன் முதுகு தெரியாதா?

அரசாங்கம் என்ன சொன்னது? கம்பத்தின் அடியில் இருப்பவர் சார்ஜன்ட் ஹாங்க் ஹான்சன் என்று அறிவித்தது. அதே மலையில் அன்று காலை ஏற்றிய முதல் கொடிக்கு உழைத்தவர் ஹான்சன். அவரும் மார்ச் 1 அன்றுதான் இறந்தார். அவருடைய தாயை அழைத்து மரியாதை செய்தார்கள். அந்தத் தாய்க்கும் இது அநியாயம்தானே? கொடுத்த பெருமையைப் பின்னால் திருப்பி வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை! அந்தப் படத்தைச் சுவரொட்டியாக்கி, போர்ச் செலவுக்காக மக்களிடம் ஏழாவது முறையாகக் கடன் திரட்டினார்கள். 2,600 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. முதுகு காட்டி நிற்கும் பையன் யாருடைய பிள்ளை என்பது அந்த வேலைக்குத் தேவைப்படவே இல்லை.

உண்மை தெரிந்த இன்னொருவர் இருந்தார். ஐரா ஹேய்ஸ், பீமா பழங்குடி இளைஞர், அதே படத்தில் கொடி நாட்டியவர். பெயர் தவறு என்று அப்போதே அதிகாரியிடம் சொன்னார். பெயர்கள் வெளியாகிவிட்டன, இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள், பேசாமல் இரு என்று பதில் வந்தது. பேசாமல்தான் இருந்தார். ஆனால் மனம் கேட்கவில்லை. 1946-இல் அரிசோனாவில் இருந்து கிளம்பினார். வழியில் போன வண்டிகளுக்குக் கை காட்டியும் நடந்தும் வெஸ்லாகோ போய்ச் சேர்ந்தார். 2,000 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஹார்லனின் தந்தையைக் கண்டு, படத்தில் இருப்பது உங்கள் மகன்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். விருதும் கிடையாது, வண்டிக்காசும் கிடையாது.

அப்புறம் தாய் தங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினார், ஹேய்ஸின் கடிதத்தையும் இணைத்து. விசாரணை நடந்தது. 1947 ஜனவரியில் மரைன் படை பெயரைத் திருத்தியது.

'பார்த்தீர்களா, அரசுதானே திருத்தியது' என்று எதிரணியினர் கேட்கலாம். ஆமாம், திருத்தியது; அந்த நேர்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த விசாரணை தானாக நடந்ததா? ஒரு தாயின் பிடிவாதமும் ஒரு தோழனின் மனசாட்சியும் போய்க் கதவைத் தட்டிய பிறகல்லவா நடந்தது?

கதவைத் தட்ட ஆளில்லாத இடத்தில் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். அதே படத்தின் ஆறு பெயர்களில் ஜான் பிராட்லி பெயரும் இருந்தது; உண்மையில் அவர் படத்திலேயே இல்லை, விடுபட்டவர் ஹரால்டு ஷுல்ட்ஸ். இது உறுதியானது 2016-இல். ரெனே காக்னான் என்று சொல்லப்பட்டவர் ஹரால்டு கெல்லர். இது 2019-இல். ஆறு பேரில் மூன்று பேரின் பெயர் தவறு, நடுவர் அவர்களே! 1954 நவம்பரில் வெண்கலச் சிலையைத் திறந்து வைத்தபோது ஷுல்ட்ஸ், கெல்லர் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்தச் சிலைக்குத் தன் நாயகர்கள் யார் என்றே தெரியவில்லை. அவ்வளவு வெண்கலம், அவ்வளவு புகழ், அத்தனை பள்ளிக்கூடப் பாடம். ஒன்றாலும் இரண்டு பெயரைக் காப்பாற்ற முடியவில்லை.

சிலை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ஹார்லனின் உடல்கூட 1995-இல் டெக்சாஸின் ஹார்லிஞ்சன் நகரில், அதே கொடிச் சிலையின் மாதிரி வடிவத்துக்கு அருகே மாற்றி அடக்கம் செய்யப்பட்டது. அங்கே வைத்திருப்பது சரியான பெயர். அந்தப் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்பதைத்தான் எதிரணியிடம் கேட்கிறேன். அவர்கள் பதில் சொல்லட்டும், பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.