பெரியண்ணனும் சின்னண்ணனும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஓர் இடம் இருக்கிறது. 1921-இல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கியது. ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். இவர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் பெரியண்ணன், சின்னண்ணன். வயதில் மூத்தவர் ஜேசுதாசன், அதனால் அவர் பெரியண்ணன். வெள்ளைக்காரர் தம்பி முறை. வெள்ளைக்காரர்களை 'துரை' என்று கூப்பிட்ட காலம் அது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்த நாட்களில் மிஷன் ஊழியத்திலும் வெள்ளையருக்கு ஒரு சம்பளம், நம்மவருக்கு ஒரு சம்பளம். ஆலயத்தில் கர்த்தருடைய பந்தியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் பிரிந்துபோனார்கள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஆசிரமத்திலோ சம்பளமே கிடையாது. திருமணம் செய்துகொள்ளாத சகோதரர்கள், கதர் உடுத்தி, ஒரே குடும்பமாக இருந்து, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அவர்கள் வைத்த பெயரையும் பாருங்கள். குலம் என்பது நம் ஊரில் ஆளை ஆளிடமிருந்து பிரிக்கிற சொல். அதையே எடுத்து, கிறிஸ்துவின் பெயரோடு கோத்து, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிற சொல்லாக மாற்றினார்கள்.

பேட்டன் பிறந்தது கம்பளி நூல் தொழிலில் செழித்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்றிருந்த அவரைப் போலீசார் தடியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்தச் செய்தி லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. மருத்துவம் படித்ததோடு இவர்கள் படிப்பு முடிந்துவிடவில்லை. எந்த மக்களோடு வாழ்ந்தார்களோ அவர்களிடமே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரமத்து ஜெபாலயத்தைப் பார்த்தாலே அது புரியும். நம் கோயில்களைப் போல கோபுரமும் மண்டபமுமாக எழுந்திருக்கிறது.

சரி, என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் சபையில் அரிசி கொடுத்தோம். வரிசையில் வந்த ஒரு வயதான அம்மா பையை வாங்கிக்கொண்டு, "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார். சொன்னேன். திருப்பி அவர் பெயரை நான் கேட்கவில்லை. பட்டியலில் டிக் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரவில் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கொடுத்தேன், ஆனால் உறவாக நினைத்துக் கொடுக்கவில்லை. மறுவாரம் அவர் வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து காபி கொடுத்தார். பேரனுக்குக் கணக்கு வரவில்லை என்று கவலைப்பட்டார். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையனும் அந்தத் தெருப் பிள்ளைகள் நாலு பேரும் சபைக் கூடத்தில் பாய் விரித்துப் படிக்கிறார்கள். பாட்டி வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்கம்மா என்று நானும் வாராவாரம் கூப்பிடுவேன். போன சனிக்கிழமைதான் எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார்.

நன்றி, வணக்கம்.