மார்கழிக் குல்லாவும் மைனஸ் இருபதும்

வணக்கம் மக்களே! மணி அஞ்சே முக்கால், பெசன்ட் நகர் பீச்ல நிக்கிறேன். போன் 21 டிகிரி காட்டுது. பின்னாடி பாருங்க, வாக்கிங் வர்ற பெரியவங்க முக்கால்வாசிப் பேரு குல்லா, மப்ளர், காதுல பஞ்சு. வருஷா வருஷம் இதைப் படம் எடுத்துப் போட்டு “இதுக்கே குல்லாவா”ன்னு கிண்டல் பண்றாங்க. எனக்கு அது பிடிக்கவே இல்ல. மே மாசம் 40 டிகிரில வெந்த உடம்புங்க இது. அதுக்கு 21 குளிருதான்.

இதை ஏன் இப்போ பேசுறேன்னா, எங்க அக்கா பொண்ணு படிக்கிறதுக்கு வின்னிபெக் போறா. கனடா. ஜனவரி ராத்திரில அங்க மைனஸ் 20க்குக் கீழ போறது சாதாரணம். நேத்து அவ பெட்டியைப் பார்த்தேன். நாலு ஜீன்ஸ், நிறைய காட்டன் டீ-ஷர்ட், மேல தலகாணி மாதிரி ஒரு ஜாக்கெட். பக்குனு ஆயிடுச்சு.

ஏன்னா நான் பட்டிருக்கேன். ஊட்டில உறைபனி பார்க்கணும்னு விடியறதுக்கு முன்னாடி தொட்டபெட்டா பக்கம் மேடு ஏறுனேன். உள்ள காட்டன் பனியன், மேல தடி ஜாக்கெட். ஏறும்போது நல்லா வேர்த்துச்சு. மேல போய் நின்னேன் பாருங்க, ஈர பனியன் முதுகுல ஒட்டிக்கிட்டு பல்லு தந்தியடிக்குது. ஜாக்கெட் ஒண்ணுமே பண்ணல.

துணி சூடு தராதுங்க. சூடு நம்ம உடம்போடது. அது வெளிய போகாம இருக்க, துணிக்குள்ள அசையாம நிக்கிற காத்துதான் காவல். காட்டன் நனைஞ்சா அந்தக் காத்து போயிடும். கம்பளி அப்படி இல்ல, தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கிட்டும் கதகதப்பா இருக்கும்.

இதை வடதுருவத்துப் பக்கம் இருக்குற இனுயிட் மக்கள் எவ்வளவு அழகாப் பண்ணியிருக்காங்க தெரியுமா? கரிபூன்னு ஒரு மான், அதோட தோல்ல ரெண்டு சட்டை. உள்சட்டையில முடி உடம்பைப் பார்த்து இருக்கும், வெளிச்சட்டையில முடி வெளியப் பார்த்து. அந்த முடிக்குள்ளயே காத்து அடைஞ்சிருக்கும். அம்மாக்களோட சட்டைக்கு அமௌட்டின்னு பேரு. முதுகுப் பக்கம் ஒரு பை வெச்சுத் தைச்சிருப்பாங்க, குழந்தை அதுக்குள்ள அம்மா சூட்டுலயே தூங்கும். முதல் தடவை படம் பார்த்தப்போ நம்ம ஊரு தூளிதான் ஞாபகம் வந்துச்சு.

காஷ்மீர்ல பெரன்னு ஒரு நீள அங்கி. முழங்கால் தாண்டித் தொளதொளன்னு தொங்கும். அந்தத் தொளதொளப்புலதான் விஷயமே இருக்கு: உள்ள காத்து நிக்கும், பிரம்புக் கூடைல மண்சட்டி வெச்ச காங்கிரியும், அதான் கரி நெருப்புச் சட்டி, கைக்குள்ள அடங்கும். தெற்கு ஆப்பிரிக்கா பக்கம் லெசோத்தோ மலைநாட்டுல கம்பளிப் போர்வையைத் தோள்ல ஊசி குத்தி அப்படியே உடுத்திக்கிறாங்க.

அதனால பாப்பா, நீ பார்க்கிறேன்னு தெரியும், டீ-ஷர்ட்டெல்லாம் வீட்டுக்குள்ள போட்டுக்கோ. வெளிய போறப்போ உடம்போட ஒட்டி கம்பளித் தெர்மல், அதான் உள்ளாடை, அதுக்கு மேல ஃபிளீஸ்னு மெத்துனு இருக்குற செயற்கை நூல் சட்டை, கடைசியா காத்து புகாத ஜாக்கெட். வேர்க்குற மாதிரி இருந்தா உடனே ஒண்ணைக் கழட்டிடு. கைக்கு விரல் விரலா பிரிஞ்ச கிளவுஸ் வேணாம், நாலு விரலும் ஒண்ணா இருக்குற மிட்டன் வாங்கு. பூட்ஸ் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும், இறுக்கினா கால்ல ரத்தம் ஓடாது.

ஜீன்ஸ்ல ரெண்டை நான் நேத்தே எடுத்து உன் பீரோல வெச்சுட்டேன். அந்த இடத்துல தாத்தாவோட மங்கி குல்லா இருக்கு. அவரே குடுத்தாரு.