ரத்தத்தில் இறங்கும் பூஞ்சை

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்துப் பூஞ்சை என்றதும் 2021-இல் மூக்கையும் கண்ணையும் அரித்த கறுப்புப் பூஞ்சைதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது கேண்டிடா பற்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தத்துக்குள்ளேயே இறங்கிவிடும் பூஞ்சை இது. செய்திகளில் அவ்வளவாக அடிபடவில்லை.

கேண்டிடா நமக்குப் புதிதல்ல. கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சாதுவாக இருக்கிறது. ரத்தத்துக்குள் போக அதற்கு வழி வேண்டும். கொரோனா நோயாளியிடம் அந்த வழிகள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்த மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ஸ்டீராய்டும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், சர்க்கரையை ஏற்றும். கூடவே ஆன்டிபயாடிக். குடலில் பூஞ்சையைப் பெருகவிடாமல் வைத்திருந்த பாக்டீரியாக்களை அது கொல்லும், பூஞ்சையைத் தொடாது. மறுபடியும் சொல்கிறேன்: ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கழுத்து ரத்தநாளத்தில் போடும் சென்ட்ரல் லைன். இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் குழாய். மருந்து போகிற அதே பாதையில் பூஞ்சையும் போகும். குழாயின் சுவரில் படலமாக ஒட்டிக்கொண்டால் மருந்தாலும் அதை எளிதில் அசைக்க முடியாது.

எங்கள் வார்டில் ஒரு மூத்த செவிலியர் இருந்தார். காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையிலும் ஒரே கேள்வி. "டாக்டர், இந்த லைன் இன்னைக்கு எதுக்கு?" ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து அதில் ஓடுகிறது என்றால் சரி என்று நகர்வார். "இருக்கட்டும் சிஸ்டர், நாளைக்குத் தேவைப்படலாம்" என்றால் நகரமாட்டார். "நாளைக்கு வேணும்னா நாளைக்குப் போட்டுக்கலாம் டாக்டர்." கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு புதிதாக லைன் போடுவது பெரும்பாடு, அதனாலேயே இருப்பதை அப்படியே விட்டுவிடத் தோன்றும். அவர் விடமாட்டார். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்திருந்தால் கழுத்தருகே குனிந்து, கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கையுறை விஷயத்திலும் அப்படித்தான். இரண்டு ஜோடி போட்டிருப்பவர் தாம் பத்திரம் என்று நினைக்கலாம். அதே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் அந்த நோயாளிக்கு என்ன பாதுகாப்பு? இதை நான் எங்கே பேசினாலும் கேட்பேன், இங்கேயும் கேட்கிறேன்.

ஏனென்றால் கேண்டிடா ஆரிஸ் என்ற வகை ஆளிலிருந்து ஆளுக்குப் பரவும். கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் மசியாது. டெல்லியில் ஒரு கொரோனா தீவிர சிகிச்சைப் பிரிவில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 596 நோயாளிகள் இருந்தார்கள். 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா. அதில் 10 பேருக்கு ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இறந்தார்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். கண்டுபிடிப்பது பற்றியும் சிகிச்சை பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் சோதனை ஏறத்தாழ பாதிப் பேரிடம் பூஞ்சையைக் காட்டாமல் விட்டுவிடும். அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் நிற்காதவரிடம் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். காஸ்போஃபஞ்சின் போன்ற பூஞ்சை மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கி, முடிந்தால் லைனையும் எடுத்துவிட வேண்டும். ரத்தம் சுத்தமான நாளிலிருந்து குறைந்தது 14 நாள் மருந்து தொடரும். பூஞ்சை விழித்திரையிலும் போய்த் தங்கக்கூடும் என்பதால் கண் மருத்துவரும் ஒருமுறை பார்க்க வேண்டும். வணக்கம்.