மழையின் முதல் பத்து நிமிடம்: ஊட்டி வாய்க்காலில் ஓடுவது என்ன?

(காட்சி: மேசையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள்)

இரண்டிலும் இருப்பது ஒரே மழை, ஊட்டியில் எங்கள் தெருவோர வாய்க்காலில் பிடித்தது. இடது பாட்டில் மழை விழுந்த கையோடு பிடித்தது. கருப்பாக இருக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது, அடியில் சிகரெட் பஞ்சும் குதிரைச் சாணமும். வலது பாட்டில் ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்தது, ஓரளவு தெளிவாக இருக்கிறது.

இடது பாட்டிலில் இருப்பதற்குப் பெயர் 'முதல் ஓட்டம்'. வெயில் நாட்களில் ரோட்டில் படிந்த டயர்த்தூள், ஆயில், சாணம் எல்லாவற்றையும் முதலில் வரும் தண்ணீர் வழித்துக்கொண்டு போய்விடும்.

மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவது 'ஊடுருவல்', இறங்காமல் மேலேயே ஓடுவது 'மேற்பரப்பு ஓட்டம்'. சோலையும் புல்வெளியும் மழையை உறிஞ்சி மெதுவாக ஓடைக்கு விடும், ஆனால் நூறு சதுர மீட்டர் கான்கிரீட் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஐந்து, நேராகத் தெருவுக்கு வந்துவிடும். சரிவு வேறு, கேட்கவா வேண்டும்!

சரி, எங்கே போகிறது? ஓர் ஏரிக்கு எந்தெந்தச் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறதோ அதுதான் அதன் 'நீர்ப்பிடிப்புப் பகுதி'. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1824-இல், வெட்டிய ஊட்டி ஏரிக்கு இந்த ஊரே நீர்ப்பிடிப்புப் பகுதி. கோடப்பமந்து வாய்க்கால் ஊருக்குள் புகுந்து ஏரியில்தான் சேர்கிறது. மழைநீர் வடிகாலையும் சாக்கடையையும் நாம் ஒன்றாகவே பேசுகிறோம், எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். சாக்கடைக் குழாய் போக வேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம். வடிகாலில் கொட்டியதோ அப்படியே ஏரிக்குப் போகும்.

ஏரியில் கழிவு சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும், தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அப்படி எவ்வளவு எடுக்கும் என்ற கணக்குதான் 'பிஓடி'. நம் நாட்டில் தண்ணீரை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து அளக்கிறார்கள். குளிக்கத் தகுந்த நீர்நிலை என்றால் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது. பிஓடி ஏறினால் மீன் மூச்சுத் திணறும்.

வலது பாட்டிலுக்கு வருவோம். தெளிவாக இருக்கிறதே, நல்ல தண்ணீர்தானா? 'கலங்கல்' என்பது மிதக்கும் மண்ணையும் தூசியையும் மட்டும்தான் காட்டும். கேரட் தோட்டத்து உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. அந்த நைட்ரேட் சத்தில்தான் பாசியும் ஆகாயத்தாமரையும் மளமளவென்று வளர்கின்றன.

வீட்டில் மழைநீர் சேமிப்பவர்கள் மாடிக் குழாயில் ஒரு திருப்பம் வைத்து, முதல் சில நிமிட மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுங்கள். தோட்டக்காரர்கள் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு வண்டல் குழி எடுத்தால் மேல்மண் அங்கேயே தங்கும், மழை விட்டதும் அள்ளிப் பாத்தியிலேயே போட்டுக்கொள்ளலாம்.