செந்தூரத்தில் பிறந்த சொல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாசகர் வட்டப் பெரியோர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, காலையிலிருந்து உழைத்த கிளை நூலகப் பணியாளர்களுக்கு என் முதல் நன்றி.

சின்னஞ்சிறியதைக் குறிக்கும் மினியேச்சர், மினஸ்கியூல், டைனி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழ் சொல்கிறது. மினியேச்சரில் தொடங்குகிறேன்.

மினிமம், மைனஸ், மைனர் ஆகியவற்றின் உடன்பிறப்புதான் இது என்று காது சொல்லும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்! இந்தச் சொல்லின் வேரில் இருப்பது அளவு அல்ல, நிறம். லத்தீனில் 'மினியம்' என்பது முதலில் பாதரசத்தின் சிவப்புக் கனிமமான சாதிலிங்கத்தையும், பின்னர் ஈயச் செந்தூரத்தையும் குறித்தது.

அச்சு வருமுன் ஐரோப்பாவில் கையால் ஏடு எழுதிய காலத்தில், அந்தச் செந்தூரத்தை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஈயவெள்ளை என்ற ஈயத்தின் வெள்ளைப் பொடியைச் சட்டியில் போட்டு, கரியடுப்பில் ஏற்றி, கைவிடாமல் கிளறுவார்கள். முதலில் மஞ்சளாகும். சூடு 450 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மெல்ல மெல்லச் செம்மஞ்சள் ஏறும். பொறுமையிழந்து தீயைக் கூட்டினால் போச்சு! ஆக்சிஜன் வெளியேறி, பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடும். அடுத்தது பசை. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, ஓர் இரவு வைத்தால் அடியில் தெளிந்த நீர் நிற்கும். அதில் செந்தூரத்தைக் குழைத்து, கன்றுத்தோல் ஏட்டில் முதலெழுத்தைத் தீட்டுவார்கள். ஈரக்காற்று பட்டால் அந்தச் சிவப்பே பின்னாளில் கறுத்துப்போகும். அப்படிக் கறுத்த ஏடுகள் உண்டு.

இந்த வேலைக்கு இத்தாலியில் 'மினியாரே' என்று பெயர்; ஏட்டில் தீட்டிய படம் 'மினியாத்தூரா'. ஏட்டின் ஓரத்தில் அடங்க வேண்டிய படம் சிறியதாகத்தானே இருக்கும்? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. மினிமத்தின் சாயல் ஒட்டிக்கொள்ள, நிறம் மறந்து அளவு நின்றது. அந்தக் காலத்தில் ஆங்கிலேய ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியார்டு உள்ளங்கையில் அடங்கும் உருவப்படங்களைத் தீட்டினார். படம் தீட்டிய தோலை விரைப்பாக நிறுத்த, பின்னால் சீட்டுக்கட்டுச் சீட்டை ஒட்டினார்கள். 1959இல் வந்த மினி கார் வரைக்கும் பெயரில் ஒட்டியிருப்பது இந்தச் சொல்லின் துண்டுதான்.

மினஸ்கியூல் மட்டும் உண்மையிலேயே மைனஸின் உறவு. அதனால்தான் அதன் எழுத்துக்கூட்டலில் நடுவே 'யூ' வரும். 'மினி' என்று நினைத்து அங்கே 'ஐ' போடுவது பிழை. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். டைனியை விட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓசை ஒத்திருந்தால் வேரும் ஒன்றே என்று தமிழ்ச் சொற்களுக்கும் தினமும் தீர்ப்பு எழுதுகிறோம். தீர விசாரிப்பதே மெய் என்கிறோம்; விசாரிக்க நூல் வேண்டாமா? செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியின் எல்லா மடலங்களும், ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி ஒன்றும் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் அல்ல, வாசிப்பு மேசையில். மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, அதற்கான மனுவை இங்கே உங்கள் கையிலேயே தருகிறேன். கூட்டம் கலைவதற்குள் எல்லோரும் அதில் கையெழுத்திடுவார்கள்.